அரக்கன் கொண்டு வந்த சீர்

மாயம், மாயம் என்று பேசிவிட்டு மாயமாய்ப் போய் உட்கார்ந்துவிட்ட எதிரணி நண்பர்களே! பரவை வாழ் பெருமக்களே! வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே தொலைக்காட்சியில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

"மாயாபஜார் படம் இன்றும் நம்மை இழுப்பது மாயத்தாலா, மனிதர்களாலா?" இதுதான் தலைப்பு. மனிதர்களாலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதுவும் எந்த ஊர்ல வந்து சொல்றேன்? பரவையிலே!

மதுரையில ஒரு வீட்ல கல்யாணம்னா முதல்ல என்ன சொல்வாங்க? "விடியக்காலம் பரவை மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்புப்பா, காய்கறி போடணும்"னு சொல்வாங்க. 'கல்யாண சமையல் சாதம்' பாட்டைப் பத்திப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எது? (சிரிப்பு)

இன்னொன்னு. இந்த ஊர்ப் பேரைத் தன் பேருக்கு முன்னால வச்சுக்கிட்டு ஒரு தாய் ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க. பரவை முனியம்மா. 2003-ல் 'தூள்' படத்தில் அவங்க பாடிக்கிட்டு வந்தப்ப தமிழ்நாடே எழுந்து உட்கார்ந்து கேட்டுச்சு. 2020-ல் மறைஞ்சாங்க. இன்னைக்கும் அந்தப் பாட்டு வந்தா நாம ரிமோட்டைத் தொடுறதில்லை. அதிலே என்ன மாயம் இருந்தது? ஒரு கண்டாங்கிச் சேலை, ஒரு குரல். அவ்வளவுதானே! (கைதட்டல்)

எனக்கு முன்னால பேசின தம்பி நல்லாப் பேசினார். பொய் சொல்ல மாட்டேன். 1957-ல் வந்த படம். கம்ப்யூட்டர் கிடையாது. வடபழநி ஸ்டுடியோவில் விஜயா நிறுவனத்தார் எடுத்தது. கே.வி. ரெட்டி இயக்கினார். ஐம்பதுக்கு அறுபதடி இடத்துக்குள்ளே 300 குட்டி வீடுகள் கட்டி, விளக்குப் போட்டுத் துவாரகையைக் காட்டினார்கள். மார்கஸ் பார்ட்லி என்ற மேதை கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ளே நிலா வெளிச்சத்தை நிஜமாகவே கொண்டு வந்தார். எல்லாம் உண்மை. அந்த நிலாவுக்கு நானும் கும்பிடு போடுறேன்.

ஆனா தம்பிக்கு ஒரு கேள்வி. லட்டு தானாப் பறந்து வாய்க்குள்ள போறதுதான் நம்மை இழுக்குதுன்னா, இன்னைக்கு எட்டாப்புப் படிக்கிற பையன் செல்போன்ல அதைவிட நல்லா லட்டைப் பறக்க விடுறானே! யானையையே பறக்க விடுறானே! மாயம்தான் காரணம்னா, புது மாயம் வந்ததும் பழைய மாயத்தை நாம மறந்திருக்கணும். கோடி கோடியாக் கொட்டி கிராபிக்ஸ் பண்ணின படங்களை, மூணு மாசம் கழிச்சுப் பேர் கேட்டா நமக்கே ஞாபகம் வரலையே. தெலுங்கு மாயாபஜாருக்கு 2010-ல் வண்ணம் பூசி மறுபடி வெளியிட்டாங்க. கிராபிக்ஸ் குவிஞ்சு கிடந்த காலத்திலே எதுக்கு அந்தப் பழைய படத்தைத் தேடிப் போனாங்க? லட்டுக்காகவா?

கதையைப் பாருங்கய்யா. மாயத்தை எல்லாம் எடுத்து ஓரமா வச்சுட்டுப் பாருங்க. என்ன மிஞ்சும்? நின்னு போன ஒரு கல்யாணம்.

பலராமன் அண்ணன். சுபத்திரை தங்கச்சி. பிள்ளைகள் சின்னதா இருக்கும்போதே, "என் மகள் வத்சலா உன் மகன் அபிமன்யுவுக்குத்தான்"னு அண்ணன்காரன் வாக்குக் கொடுக்கிறான். அப்புறம் என்ன ஆச்சு? பாண்டவர்கள் சூதாட்டத்துல நாட்டைத் தோத்துட்டாங்க. அவங்க சொத்துப் போன சேதி வந்ததும், இங்கே சம்பந்தம் கசந்து போச்சு! பலராமன் பெண்சாதி ரேவதிக்கு நாத்தனார் மகன் இப்ப வேண்டாம். துரியோதனன் மகன் வேணும். ஏன்? அங்கே அரண்மனை இருக்கு, நகை இருக்கு.

நடுவர் அவர்களே, இது துவாரகையில நடந்த கதையா? சமயநல்லூர்ல நடக்கலையா? பரவையில நடக்கலையா? "முறை மாப்பிள்ளை, முறை மாப்பிள்ளை"ன்னு பதினஞ்சு வருஷம் கூப்பிட்டுட்டு, அவங்க அப்பா கடை நொடிச்ச உடனே, "ஜாதகம் பொருந்தலைங்க"ன்னு சொல்ற வீடு நம்ம தெருவுல இல்லையா? (கைதட்டல்)

வியாச பாரதத்தைப் புரட்டிப் பாருங்க. இந்த வத்சலா கல்யாணம் அதுல இல்லை. அபிமன்யுவுக்கு அங்கே மனைவி உத்தரை. பின்னே வத்சலா எங்கிருந்து வந்தாள்? சனங்க கொண்டு வந்து சேர்த்தாங்க. நம்ம மதுரைக்கு அல்லி அரசாணியைக் கொண்டு வந்து அர்ச்சுனனுக்குக் கட்டி வச்ச மாதிரி, ஆந்திராவிலே சசிரேகா என்ற பேர்ல நாடக மேடையில ஆடிப் பாடிச் சேர்த்தாங்க. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறையும் உரிமையும் ரத்தத்துல ஊறின சனங்க, பாரதத்துக்குள்ளேயும் ஒரு முறைப்பெண்ணை உட்கார வச்சுட்டாங்க. அதாவது தங்கள் வீட்டு வழக்கைத் தூக்கிட்டுப் போய் கிருஷ்ணன்கிட்ட பஞ்சாயத்துக்கு வச்சாங்க.

இன்னொரு அதிசயம் சொல்றேன். படம் முழுக்கப் பாண்டவர் பிரச்சினை. ஆனா படத்துல தர்மர் வர்றாரா? பீமன்? அர்ச்சுனன்? ஒருத்தரும் வரமாட்டாங்க! யோசிச்சுப் பாருங்க. கெட்டு நொந்து போன சொந்தக்காரனை நாம அப்படித்தானே வச்சிருக்கோம்? அவனைப் பத்தி வீட்ல பேசுவோம். கண்ணுல மட்டும் படக்கூடாது.

தம்பி மாயப் பெட்டியைப் பத்திச் சொன்னார். கிருஷ்ணன் கொடுக்கிற பெட்டி. திறந்தா, அவரவர் மனசுக்குப் பிடித்தது தெரியும். வத்சலா பார்த்தா அபிமன்யு தெரியறான். பலராமன் பார்த்தா அவர் சீடன் துரியோதனன் தெரியறான். ரேவதி பார்த்தா ரத்தினக் கல்லு தெரியுது. எதிரணி இதை மாயம் என்கிறது. நான் கேக்கிறேன், பெட்டி புதுசா எதையாவது உண்டாக்கிச்சா? மனசுக்குள்ள ஏற்கெனவே கிடந்ததைத்தானே எடுத்து வெளியில வச்சது? அப்புறம் ஒரு பீடம் வருது. அதுல ஏறி நின்னா வாய் தானா உண்மையைப் பேசும். சகுனி ஏறினதும் சதியெல்லாம் கொட்டிடுறான். அந்தப் பீடமும் அப்படித்தான், பெரிய மனுஷன் மூடி வச்ச மனசைத் திறக்குது. அப்படி ஒரு பெட்டியை நம்ம வீட்டு நிச்சயதார்த்தத்துல கொண்டு வந்து வச்சா, எத்தனை பேர் தைரியமாத் திறப்போம்? (சிரிப்பு)

இப்ப கடோத்கஜனுக்கு வர்றேன். எஸ்.வி. ரங்காராவ்! தோளிலே கதையும் வாய் நிறையச் சிரிப்புமா அவர் வந்து நின்னாலே திரை நிறைஞ்சிடும். தமிழில் அந்தச் சாப்பாட்டுப் பாட்டைத் தஞ்சை ராமையாதாஸ் எழுத, திருச்சி லோகநாதன் பாடினார். ரங்காராவ் சாப்பிட்டதைப் பார்த்து நமக்கெல்லாம் பசி வந்துச்சு.

ஆனா கடோத்கஜன் யாரு? பீமனுக்கும் காட்டுல இருக்கிற இடும்பிக்கும் பிறந்த பிள்ளை. அரண்மனை விசேஷத்துக்குப் பத்திரிகை போகாத வீடு. அண்ணன் வீட்ல அவமானப்பட்டுச் சுபத்திரை மகனைக் கூட்டிக்கிட்டுத் தேர் ஏறி வெளியே வர்றாள். தேர் எங்கே போகுது? அந்தக் காட்டுக்கு. முதல்ல அடையாளம் தெரியாம அபிமன்யுகூடச் சண்டை போடுறான். தம்பின்னு தெரிஞ்சதும் காலில் விழுறான். அப்புறம் நேரே துவாரகைக்குப் போய், தூங்கிக்கிட்டிருந்த வத்சலாவைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்துடுறான். தானே வத்சலா வேஷத்துல போய் உட்கார்ந்து, மாப்பிள்ளையா வந்த தங்கவேலுவை என்ன பாடு படுத்துறான்! சாவித்திரி அம்மா பெண் வேஷத்துக்குள்ளே ஓர் அரக்கனை உட்கார வச்சு நடிச்சாங்களே, அதுக்கு எந்தக் கேமராத் தந்திரமும் துணை வரலை. ஒரு நடிகையோட கண்ணும் நடையும் மீசையை முறுக்குற கையும்தான்!

இங்கே என் வீட்டுக் கதை ஒன்னு சொல்லணும். நடுவர் அனுமதிக்கணும்.

எங்க அத்தைக்கு, அதாவது அப்பாவோட தங்கச்சிக்கு, முறை மாப்பிள்ளையைப் பேசி வச்சிருந்தாங்க. எங்க தாத்தா வியாபாரம் படுத்துப் போச்சு. ஆறு மாசத்துல அந்தச் சம்பந்தம் "அப்புறம் பார்க்கலாம்"னு ஆகிப்போச்சு. அத்தை அழலை. பேச்சை நிறுத்திடுச்சு. எங்க தாத்தாவுக்கு இரண்டாந்தாரம் ஒன்னு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தர், மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவர். நல்ல உயரம். பேச்சு முரட்டுப் பேச்சு. எங்க வீட்ல நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிட மாட்டாங்க. பேரைச் சொல்றதுகூடக் கிடையாது. "அந்த வீட்டுக்காரன்"ம்பாங்க.

அவருக்கு எப்படியோ சேதி போயிருக்கு. ஒருநாள் வாசல்ல வந்து நின்னார். உள்ளே வரலை. "தங்கச்சிக்கு ஒரு பையன் பார்த்திருக்கேன். குணம் நல்ல குணம். சீர் என் பொறுப்பு"ன்னார். கல்யாணத்தன்னிக்கு வண்டியில அரிசி, காய்கறி, வாழை இலை, பாத்திரம், அத்தனையும் கொண்டு வந்து இறக்கினார். தன் கையால ஐந்நூறு பேருக்கு இலை போட்டார். தாலி கட்டுற நேரத்துக்குத் தேடினா, ஆள் அடுப்படியில. மேடைக்கு யாரும் கூப்பிடலை. அவரா வரவும் இல்லை.

சில வருஷம் கழிச்சு இந்தப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்ல மாயாபஜார் போட்டாங்க. குடும்பத்தோட மண்ணைக் குவிச்சு உட்கார்ந்து பார்க்கிறோம். ரங்காராவ் உட்கார்ந்து வெளுத்துக் கட்டுறார். கொட்டகையே சிரிக்குது. நான் திரும்பி அத்தையைப் பார்க்கிறேன். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைக்குது. என்கிட்ட குனிஞ்சு மெதுவாச் சொல்லுச்சு: "டேய், இது நம்ம அண்ணன்டா."

அண்ணன்! எங்க வீட்ல அவரை அண்ணன்னு ஒருத்தர் சொல்லி அன்னைக்குத்தான் நான் முதன்முதலாக் கேட்டேன். படம் விட்டதும் அத்தை வீட்டுக்குப் போகலை. அந்த ராத்திரியில என்னைக் கையைப் பிடிச்சு நடத்தி, அவர் வீட்டு வாசல்ல போய் நின்னு, "அண்ணே"ன்னு கூப்பிட்டுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டு விசேஷப் பத்திரிகை ஒவ்வொண்ணிலும் முதல் பத்திரிகை அவருக்குத்தான் போச்சு. (நீண்ட கைதட்டல்)

இப்ப எதிரணி சொல்லட்டும். எங்க அத்தையை அந்த ராத்திரியில அவர் வீட்டு வாசலுக்கு நடக்க வச்சது பறந்த லட்டா?

பின்னால் வந்த படங்களையும் பாருங்க. 1967-ல் 'பட்டணத்தில் பூதம்' வந்தது. ஜாடிக்குள்ளிருந்து வந்த பூதமா ஜாவர் சீதாராமன். வித்தை எத்தனையோ செய்தார். நமக்கு நினைவிலே நிக்கிறது அந்தப் பூதத்தோட வெள்ளை மனசு. 2011-ல் 'காஞ்சனா' வந்தது. பேய்க்குப் பயந்தோம், சிரிச்சோம். கடைசியில அந்தத் திருநங்கைக்கு நடந்த அநியாயம் தெரிஞ்சதும் பேயின் பக்கம் சேர்ந்துட்டோம். வீட்டுக்குள்ளே சேர்க்காதவங்களைப் பேயாவும் பூதமாவும் அரக்கனாவும் கூட்டி வந்து, "இவங்க மனசைப் பாரு"ன்னு காட்டுறப்பதான் நாம இறங்கிப் போறோம்.

நடுவர் மணி மேல கை வச்சுட்டார். முடிச்சுடுறேன்.

இந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் பாரதப் போர் வருது. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு விழுகிறான். பதினான்காம் நாள் இரவில் கடோத்கஜன் விழுகிறான். கர்ணன் அர்ச்சுனனுக்காகப் பொத்தி வச்சிருந்த சக்தி ஆயுதத்தைத் தன் நெஞ்சிலே வாங்கிக்கிட்டு விழுகிறான். விருந்துக்குக் கூப்பிடாத வீட்டுப் பிள்ளை, உயிரைக் கொடுத்துச் சித்தப்பனைக் காப்பாத்தினான். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தச் சாப்பாட்டுக் காட்சியை இன்னொரு தடவை பாருங்க. சிரிப்பு வரும். அதோட, உங்க வீட்டுல பத்திரிகை போகாத ஒரு வாசலும் ஞாபகத்துக்கு வரும்.

இன்னைக்கு ராத்திரி பரவையிலிருந்து வீட்டுக்குப் போறவங்க, அந்த வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு "அண்ணே"ன்னு கூப்பிட்டுப் பாருங்க. மாயாபஜார் நிலைத்து நிற்பது மனிதர்களாலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.