நாடி பிடித்த கை

நடுவர் அவர்களே! நோயில் நம்மைத் தாங்குவது மருத்துவமா, மனைவியா? மனைவிதான். நானே சாட்சி!

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டியை விட்டு இறங்கினேன். கண்ணு இருட்டிச்சு, சாய்ஞ்சுட்டேன். ஒருத்தர் என்னை நிமிர்த்தி உட்கார வைக்கிறார், இன்னொருத்தர் வாயில சோடா ஊத்த வர்றார். என் மனைவி போட்டாள் ஓர் அதட்டல்: "தூக்காதீங்க! படுக்க வச்சுக் காலை உயர்த்துங்க!" மயங்கியவன் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குப் போய்விடும்.

நாடி நிமிடத்துக்கு 38. வழக்கமாக 60 முதல் 100 இருக்க வேண்டும். இதய டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் 12 நாள். "விழுந்த பிறகு என்ன தேதி?" என்று 108-ஐக் கூப்பிட்டாள். தலைசுற்றல் தொடங்கிய நாளிலிருந்தே தினம் நாடியை எண்ணி, காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தாள். குளியலறைத் தாழ்ப்பாளையும் போடவிடலை. அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் டாக்டர் என் பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் குறைக்குமாம். நாங்களாக நிறுத்தவில்லை. அப்புறம் பேஸ்மேக்கர்.

பேஸ்மேக்கர் எப்படி வந்தது? ஸ்வீடனில் ஆர்னே லார்சன் தினமும் பல தடவை மயங்கி விழுவார். உடம்புக்குள் வைக்கும் கருவியை அதுவரை எந்த மனிதருக்கும் பொருத்தியதில்லை. அவர் மனைவி விடாமல் போய்க் கேட்டார். 1958 அக்டோபர் 8-ல் டாக்டர் சென்னிங் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது. லார்சன்? டாக்டரையும் வழியனுப்பிவிட்டு 2001 வரை, 86 வயது வரை இருந்தார்! (கைதட்டல்)

கருவியைச் செய்தது மருத்துவம்தானே என்று எதிரணி கேட்கும். செய்ய வைத்தது யாருங்க?