லொட்ஜ் மூடின பிறகு



என்ர அப்பா ரொறன்ரோவில ஒரு ஹொட்டல் குசினியில வேலை செய்தவர். அதால எந்தப் பெரிய ஹொட்டலின்ர கதையைக் கேட்டாலும் எனக்கு முதல் வாற கேள்வி: மூடினபோது வேலை செய்த சனத்துக்கு என்ன நடந்தது? இண்டைக்கு அந்தக் கேள்வியோட வடமேற்கு ஒன்ராறியோவுக்குப் போவம். அங்கே ஓர் ஏரிக்கரையில் ‘போல் லேக் லொட்ஜ்’ என்றொரு ஆடம்பர விடுதி இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை வளர்த்தவர்கள் பார்னி லாம், மரியன் லாம் தம்பதி. பார்னிக்குச் சொந்தமாக விமான நிறுவனமும் இருந்தது. பணக்கார அமெரிக்கர்கள் மிதவை விமானத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போன வழிகாட்டிகளும் விடுதியின் மற்றத் தொழிலாளர்களும் பெரும்பாலும் கிராஸி நரோஸ் அனிஷினாபே மக்கள். மத்தியானம் வழிகாட்டி கரையிலேயே மீன் பொரிப்பார், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். விருந்தாளிக்கு அது சில நாள். வழிகாட்டிக்குக் கோடை முழுக்க.

ஆற்றின் மேல்பக்கம் ட்ரைடன் நகரம். அங்கிருந்த காகித ஆலையின் இரசாயனப் பிரிவு 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை வபிகூன் ஆற்றில் விட்டது. அந்த ஆறு இந்த ஏரிக்குத்தான் வந்து சேருது. பாதரசம் மீனில் ஏறியது.

1970இல் விஷயம் வெளியே வந்ததும் லாம் லொட்ஜை மூடினார், ஆலை மீது வழக்கும் போட்டார். நேர்மையான முடிவு. ஆனால் மூடின கையோட ஒரு சமூகத்தின்ர சம்பளமும் போச்சு. அரசு வணிக மீன்பிடியைத் தடை செய்தது. உல்லாச மீன்பிடியை விட்டுவிட்டது. வேறு லொட்ஜுகள் திறந்தே இருந்தன. வேலை தேவைப்பட்ட வழிகாட்டிகள் அங்கே போய் அதே மீனைப் பொரித்தார்கள், அதையே சாப்பிட்டார்கள். 1975இல் மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் மசாசுமி ஹரடா வந்து, மக்களிடம் அந்த நோயின் அறிகுறிகளைக் கண்டார். இழப்பீட்டு உடன்பாடு வந்தது 1985இல். பதினைந்து வருசம்!

இதில எங்களுக்கு என்ன? நாங்களும் ஊர்வலத்தில ‘மூடு’ எண்டு கத்துறம். அது சரி. ஆனா மூடுற அண்டைக்கே தொழிலாளிக்குச் சம்பளம், வைத்தியம், வேற வேலை எண்டும் சேர்த்துக் கேக்க வேணும். இல்லாட்டி பசி அவையைத் திரும்ப அந்த நஞ்சிட்டயே அனுப்பும்.

கிராஸி மக்கள் இன்னும் போராடுகினம். அடுத்த முறை அவை குயின்ஸ் பார்க்குக்கு நடக்கேக்க நாங்களும் நடப்பம். சாப்பாடு என்ர பொறுப்பு. அப்பா சமைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார்.