'சில' வேறு, 'எல்லாம்' வேறு!



நான் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் தருக்கக் கேள்வி வருவதுண்டு. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து மூன்றாவது கிடைக்குமா என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

எல்லாச் செம்பனை மரங்களும் பால் தரும். இந்த மரம் செம்பனை. ஆகவே இது பால் தரும். சரியா, தவறா? பிள்ளைகள் 'தவறு' என்பார்கள். பால் கொடுப்பது ரப்பர் மரம் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? ஆனால் கேள்வி மரத்தைப் பற்றியதல்ல. கொடுத்ததை அப்படியே ஒப்புக்கொண்டால் முடிவு வருகிறதா? வருகிறது. ஆகவே விடை, சரி!

இன்னொன்று. எல்லா மின்மினிகளும் பூச்சிகள். சில பூச்சிகள் பயிரை அழிக்கும். ஆகவே சில மின்மினிகள் பயிரை அழிக்கும். பூச்சிகளுக்கு ஒரு பெரிய வட்டம் போடுங்கள். அதற்குள் மின்மினிக்குச் சின்ன வட்டம். பயிரை அழிப்பவற்றின் வட்டத்தைப் பெரிய வட்டத்துக்குள் நுழைத்தாக வேண்டும். ஆனால் மின்மினியைத் தொடாமலும் போடலாம். அப்படியானால் இந்த முடிவு கட்டாயமில்லை. விடை, தவறு.

இது நமக்குப் புதிதல்ல ஐயா. புகையைக் கண்டு நெருப்பை அறிவதை மணிமேகலைக் காப்பியமே அடுக்களையை உதாரணம் காட்டி விளக்குகிறது. வறட்சியில் ராஜா மூசா சதுப்புக் காட்டில் புகை எழுந்தால், மண்ணுக்கடியில் தீ இருக்கிறது என்று 2007இல் பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறிய நம் பத்தாங் பெர்ஜுந்தையில் யாரும் சொல்வார்களே!

ஆனால் நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? "தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பாதியில் படிப்பை விட்டார்கள். என் மகனும் தோட்டத்துப் பிள்ளை. அவன் மட்டும் எங்கே படிக்கப் போகிறான், சார்?" என்று ஒரு தாய் கேட்டார். வட்டம் போட்டுப் பாருங்கள் தாயே! 'சிலர்' என்பது 'எல்லாரும்' ஆகாது. அந்த வட்டத்துக்கு வெளியேயும் நம் பிள்ளைக்கு இடம் இருக்கிறது. (பலத்த கைதட்டல்)

தேர்வில் தவறான முடிவுக்கு ஒரு மதிப்பெண்தான் போகும். வீட்டில் எடுக்கும் தவறான முடிவுக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும்.