கேள்வி யாருடையது?



"வெளிநாட்டு அறக்கட்டளைப் பணத்தில ஆராய்ச்சி நடக்குதாமே, அதனால நமக்கு என்ன?" என்று அக்காமார்கள் என்னிடம் கேட்பதுண்டு. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேசப் போகிறேன்.

நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்தே ஆரம்பிப்போம். 1960-இல் அமெரிக்காவின் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்ற இரண்டு அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. 1966-இல் அங்கிருந்து வந்ததுதான் ஐ.ஆர்.8. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வாங்க. உயரமான பழைய நெல்லுக்கு உரம் அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். இது குட்டைப் பயிர். சாயாமல் நின்றது, விளைச்சல் பெருகியது. உணவுப் பஞ்சம் பயமுறுத்திய காலத்தில் அது பெரிய உதவி.

ஆனால் அரிசி மோட்டா ரகம். சோறு ஆறினால் விறைத்துப் போகும். மாட்டுக்கு வைக்கோலும் குறைவு. "எத்தனை மூட்டை விளையும்?" என்பதுதான் அன்றைக்கு முதல் கேள்வி. "ஆறின சோறு பிள்ளைங்க தொண்டையில இறங்குமா?" என்பது அடுப்படிக் கேள்வி. அது பிறகுதான் வந்தது. 1969-இல் வந்த ஐ.ஆர்.20-இல் அரிசி நன்றாக இருந்தது. அதனால் நம்ம பக்கம் நன்றாகப் பரவியது.

அணுகுண்டு, யுத்தம் பற்றிய ஆய்வுக்கும் இப்படிப் பணம் வருகிறது. 1957-இல் கனடாவில் பக்வாஷ் என்ற சின்ன ஊரில், சைரஸ் ஈட்டன் என்ற தொழிலதிபர் செலவை ஏற்க, அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் உட்பட 22 பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு அரசுகளும் பகையாக இருந்த நேரம் அது. அந்த அமைப்புக்கு 1995-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அரசுகள் தயங்கும் கேள்வியையும் நன்கொடைப் பணம் கேட்க வைக்கும்.

இப்போ நம்ம கடன் விஷயத்துக்கு வருவோம். ஜே-பால் என்ற ஆய்வு மையம் சவுதி தொழிலதிபர் ஒருவர் தன் அப்பா பெயரில் கொடுத்த நன்கொடையால் வளர்ந்தது. அதன் ஆய்வாளர்கள் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் தனியார் நிறுவனத்தின் சிறுகடனை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்தவர்களில் சிலருக்குத் தொழில் பெருகியது. ஆனால் வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. கடன் மட்டும் போதாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். சேமிப்பும், கூடிப் பேசுவதும் வேண்டும் என்றுதானே நாம் வாரா வாரம் உட்காருகிறோம்?

ஆகவே சகோதரிகளே, கேள்வித்தாளோடு யார் வந்தாலும் விரட்டாதீங்க. உட்கார வைங்க, தண்ணி கொடுங்க, மூன்று விஷயம் கேளுங்க. இதுக்குப் பணம் யாரு தர்றாங்க? எங்க பதிலை எதுக்குப் பயன்படுத்துவீங்க? முடிவை எப்போ எங்ககிட்ட வந்து சொல்வீங்க? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்தவரிடமும் கையெழுத்து வாங்குங்க. நமக்கு முக்கியமான கேள்வி அந்தத் தாளில் இல்லையென்றால், "இதையும் சேர்த்துக்கோங்க" என்று சொல்லுங்க. நம்ம நேரமும் நம்ம பதிலும் அந்த ஆராய்ச்சிக்கு நாம் போடும் முதல்.