குக்கிராமத்தை விழுங்கும் வரைபடம்

உலக வங்கி உதவியுடன் வந்த ‘வாழ்ந்து காட்டுவோம்’ ஊரகத் திட்டத்துக்கு எடுக்கப்பட்ட ஊராட்சிகள் 3,994, ஒன்றியங்கள் 120. தமிழகத்தின் மொத்த ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. ஆக, மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எந்த மூன்றில் ஒன்று என்று வரைபடத்தில் கையால் வண்ணம் தீட்டிக் காட்ட ஓர் ஆளுக்கு மாதக்கணக்கில் ஆகும். கணினிக்குச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளில் எந்த ஊர் காணாமல் போகிறது என்பதே இங்கே வைக்கப்படும் வழக்கு.

வேலை நடக்கும் விதத்தில் மாயம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் திட்டத்தில் சேர்ந்த ஊர்களின் பட்டியல். மறுபக்கம் ஊர் எல்லைகளின் கோப்பு. இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரு குறியீட்டை வைத்து மென்பொருள் வரிக்கு வரி பொருத்துகிறது. பொருந்திய எல்லைக்குள் நிறம் நிரப்புகிறது. காசில்லாமல் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் கல்லூரி மாணவரே இதைச் செய்துவிடலாம். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து ஓர் அடைவு வைத்திருக்கிறது. பட்டியலில் அந்த எண் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. பல பட்டியல்களில் இருப்பதோ பெயர் மட்டும்.

பெயரை நம்பினால் என்ன ஆகும்? புற்று இருந்த ஊர் புத்தூர். புதிதாக எழுந்த ஊர் புதூர். தமிழில் படிக்கத் தெரிந்த சிறுபிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. ஆங்கில எழுத்தில் ஏறியதும் இரண்டும் ஒரே ஊர் ஆகிவிடுவதுண்டு. ‘கீழ்’ என்று தொடங்கும் ஊரை ஒரு குமாஸ்தா ‘கில்’ என்று படிக்கும்படி எழுதுகிறார், இன்னொருவர் ‘கீல்’ என்கிறார், மூன்றாமவர் ‘கிழ்’ என்கிறார். இதற்கு மருந்தாக, எழுத்து ஏறத்தாழ ஒத்துப்போனால் ஒரே ஊர் என்று கொள்ளும் முறை ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் மேலூருக்கும் வேலூருக்கும் ஓரெழுத்துத்தான் வேற்றுமை! தமிழ்நாட்டு ஊர்ப் பட்டியலைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சிக்கலாக்கிவிட்டு, பிறகு சிக்கெடுக்க மென்பொருள் தேடுவது எந்த ஊர் நியாயம்?

எல்லைக் கோப்பின் வயது அடுத்த சிக்கல். நடந்து முடிந்த கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினது. அன்று மாவட்டங்கள் 32, இன்று 38. அந்தக் கணக்கெடுப்பை ஒட்டிய கோப்பில் சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. 2019க்குப் பிந்தைய பட்டியலிலோ தென்காசியில். வாழ்ந்து காட்டுவோம் திட்டமே 26 மாவட்டங்களில் தொடங்கி, மாவட்டங்கள் பிரிந்தபின் 31 ஆனது. ஒன்றியங்கள் அதே 120தான். மாவட்டப் பெயரையும் சேர்த்துப் பொருத்தும்படி கட்டளை கொடுத்தால், இடம் மாறாத ஊர்கூட இல்லாத ஊர் ஆகிவிடும். மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் கதை இதற்கும் மேல்: பட்டியலில் பெயர் இருக்கும், அந்தப் பெயரில் ஊராட்சி இருக்காது.

பொருந்தாத வரியை மென்பொருள் என்ன செய்கிறது என்பதை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். இணைப்பில் இரண்டு வகை. ஒன்று, பொருந்தாததைக் காலியாக விட்டுக் காட்டும். மற்றொன்று, சத்தமில்லாமல் தூக்கி எறியும். இரண்டாவது வகையில் பிழைச் செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. வரைபடம் அழகாகவே வந்து நிற்கும். ஓர் அட்டவணையில் குறியீடு எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருந்தாலே போதும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு குறியீடுகளும் சேராமல் போகலாம். வண்ணமில்லாத ஊரைப் பார்க்கும் அதிகாரிக்கு ‘இந்த ஊர் திட்டத்தில் சேரவில்லை’ என்றுதான் தோன்றும். சேர்ந்தும் விடுபட்ட ஊர், சேராத ஊர் என்ற வேறுபாடு அந்த வெள்ளைக் கட்டத்தில் தெரியாது. ‘கணினி போட்ட படம், அதில் பாரபட்சம் கிடையாது’ என்று வாதிடுவோர் இந்த வெள்ளைக் கட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இவை அத்தனையும் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த மனம் வராத பிழை ஒன்று இருக்கிறது. அது அலகு பற்றியது. ஊராட்சி என்பது ஓர் ஊர் அல்ல. தாய்க் கிராமம், அதைச் சுற்றிக் காலனி, நத்தம், மலையடிவாரக் குடியிருப்பு எனப் பல குக்கிராமங்கள் சேர்ந்ததே ஊராட்சி. வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும்கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல; கிராம நிர்வாக அலுவலரின் படம் ஒன்று சொல்லும், ஊராட்சிச் செயலரின் பதிவேடு வேறொன்று சொல்லும். மாநில அரசுக்கே இந்தப் பாடம் ஒருமுறை கிடைத்தது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சியை அலகாக வைத்தது. அதில் ஐந்து குக்கிராமம் உள்ள ஊராட்சியும் ஐம்பது உள்ள ஊராட்சியும் ஒரே தட்டில் நின்றன. 2011இல் ஆட்சி மாறியபின் வந்த ‘தாய்’ திட்டம் 79,394 குக்கிராமங்களைக் கணக்கில் எடுத்து, ஐந்து வரை உள்ள ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய், நூறுக்கு மேல் உள்ளதற்கு 1 கோடி ரூபாய் என்று படி பிரித்தது. ஆட்சி மாற்றத்தின் அரசியல் எதுவாயினும் அந்தக் கணக்கு சரியான கணக்கு. பணம் பிரிக்கக் குக்கிராமத்தை எண்ணத் தெரிந்த நிர்வாகம், படம் போடும்போது மட்டும் ஊராட்சிக்குத் திரும்பிவிடுகிறது. தாய்க் கிராமத்தில் ஒரே ஒரு மகளிர் குழு தொடங்கினாலும் ஊராட்சி முழுவதும் பச்சை. நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலனியும் பச்சை. அங்கே யாரும் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

பரப்பும் ஏமாற்றும். தாளவாடி போன்ற மலை ஒன்றியத்தில் நிலத்தின் பெரும்பகுதி காடு. அங்கே ஓர் ஊராட்சி நிறம் பெற்றால் படத்தில் யானை அளவு தெரியும். சமவெளியில் நெருக்கமாக மக்கள் வாழும் ஊராட்சியோ கடுகளவு. எல்லைக்கு நிறம் பூசுவதை விட்டு, குக்கிராமத்துக்கு ஒரு புள்ளி வைத்து, சேர்ந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியைப் பெரிதாக்கினால் இந்த மயக்கம் பெருமளவு குறையும்.

கோரப்படுபவை மூன்றே. பட்டியலில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்க வேண்டும், பக்கத்தில் அடைவு எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் பொருந்தாமல் விழுந்த வரிகளின் பட்டியல், எண்ணிக்கையோடு, அதே தாளில் அச்சாக வேண்டும். படம் மாவட்டத் தலைநகருக்குப் போகுமுன் கிராம சபைக்கு வர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் படத்தை ஒட்டி, குக்கிராமப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தால், ‘எங்க தெருவைக் காணோமே’ என்று ஒரு மூதாட்டி எழுந்து சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அடுத்த படத்துக்கு முன் கோப்பில் திருத்துவது ஊராட்சிச் செயலரின் வேலை.