ரசீது வேறு, பாரம் வேறு

(தெலுக் பங்லிமா காராங்கில், தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய பேச்சு)



இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் வீட்டுச் சுவரில் ஓடும் மின்சாரத்துக்கு எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் உண்டா?

என் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் வீட்டுக் குளியலறையை இழுத்துக் கட்டினேன். வயரிங் செய்தவர் வேலையை முடித்தார். பணத்தைக் கொடுத்து, ரசீதை வாங்கிப் பெட்டியில் பூட்டினேன். ஒரு மழைநாளில் என் மனைவி சுடுநீர்ப் பெட்டியைத் தொட்டாள், கை விறைத்துவிட்டது. நல்லவேளை, உயிர் தப்பினாள். பிறகு வந்து சோதித்த வயர்மேன், எர்த் கம்பி எங்குமே சேர்க்கப்படவில்லை என்றார். நான் பூட்டி வைத்த ரசீது, பணம் கைமாறியதற்கு மட்டுமே சாட்சி.

தோழர்களே! 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இரண்டு சான்றிதழ்களைச் சொல்கின்றன. ஜி பாரம், வேலையை மேற்பார்த்து முடித்ததற்குச் சான்று. எச் பாரம், முடிந்த வேலையைச் சோதித்ததற்குச் சான்று. எச் பாரத்தில் கையெழுத்திடுபவர் சோதனை செய்ய அதிகாரம் பெற்ற வயர்மேனாக இருக்கவேண்டும்.

ஒன்று போதாதா? பால் வெட்டும் உங்களுக்கே தெரியும். பாலை நிறுத்துப் பார்ப்பது ஒன்று. மெட்ரோலாக் போட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பது வேறொன்று. தண்ணீர் கலந்த பாலும் நிறுவையில் கனக்கத்தான் செய்யும்! ஜி பாரம் நிறுவை. எச் பாரம் மெட்ரோலாக்.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? கம்பி அறுபடாமல் தொடர்கிறதா, லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 500 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதித்தால் ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது. மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் கருவி உடனே விழவேண்டும். சுடுநீர்ப் பெட்டி இருக்கும் ஈரமான இடத்துக்கு அந்தக் கருவி 10 மில்லியாம்பியராகவும், கையில் பிடிக்கும் சாமான்களுக்கு 30 மில்லியாம்பியராகவும் இருக்கவேண்டும்.

ஆகவே, புது வயரிங் என்றாலும், கூடுதலாக இழுத்தாலும், இரண்டு பாரங்களையும் கேளுங்கள். சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற குத்தகையாளரிடமே வேலையைக் கொடுங்கள். பழைய வீட்டில் சோதனை மட்டும் நடந்தால், கண்ட அளவுகளை எழுதி வாங்குங்கள். செய்யாத வேலைக்கு ஜி பாரம் எழுதித் தருபவரை நம்பவேண்டாம்.

தோட்ட வீடுகளின் நிலை வேறு. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், போதிய மின்சாரம் தரும் பொறுப்பையும், வீட்டைப் பழுதின்றி வைக்கும் பொறுப்பையும் முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. அங்கே நாமாக ஒரு கம்பியும் இழுக்கக்கூடாது. கோளாறைக் கண்டால் எழுத்தில் புகார் கொடுப்போம். கமிட்டி ஆபீசுக்குப் போய், இந்த வீடுகளைக் கடைசியாகச் சோதித்த தாளைக் காட்டுங்கள் என்று கேட்கட்டும். கிராணி நண்பர்களே, அந்தப் பைலைத் தேடி எடுப்பது நம் கடமை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரசீது மட்டும் இருந்தால், நாளைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். எனக்குக் கிடைத்த எச்சரிக்கை எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது.