பழையதை விலக்கும் முறை
(செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. துதிக்கை போன்ற கொம்புடன் எழுதிய 'லை', 'னை' இன்றைய வடிவத்துக்கு மாறின. ஒலி மாறவில்லை. பழைய புத்தகங்கள் நூலகத்தில் அப்படியே இருக்கின்றன. மென்பொருளிலும் இப்படிப் பழையதை விலக்கிப் புதியதைக் கொண்டுவரும் வேலை உண்டு.

முந்தைய பாடத்திட்டத்தில் சி++ நிரலின் முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம்.எச்' என்று எழுதினோம். திரையில் விடையைக் காட்டத் தேவையான இனக்குழுக்கள் அந்தத் தலைப்புக் கோப்பில் இருந்தன. 1998-இல் சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தரம் வகுத்தபோது, '.எச்' இல்லாத 'ஐஓஸ்ட்ரீம்' மட்டுமே அதில் இடம்பெற்றது.

ஜிசிசி என்ற திறமூல நிரல்பெயர்ப்பி பழைய கோப்பை உடனே நீக்கவில்லை. பழைய நிரலையும் ஏற்றுக்கொண்டது. கூடவே, 'இது வழக்கொழிந்தது, இதற்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள்' என்று எச்சரிக்கையும் காட்டியது. 2008-இல் வந்த 4.3 பதிப்பில்தான் பழைய கோப்பை நீக்கினார்கள்.

12ஆம் வகுப்பில் நாம் கற்பிக்கும் பைத்தானிலும் இதே வழக்கம்தான். 'கலெக்‌ஷன்ஸ்' தொகுதியில் இருந்த 'மேப்பிங்' முதலிய இனக்குழுக்கள் 2012-இல் வேறு இடத்துக்கு மாறின. பழைய முகவரியும் தொடர்ந்து வேலை செய்தது. அதை 3.9 பதிப்பிலேயே நீக்கியிருக்கலாம். ஆனால் அதை நம்பியிருந்த பலர் இன்னும் மாறவில்லை என்பதால் ஒரு பதிப்பு பொறுத்திருந்து, 2021-இல் 3.10 பதிப்பில் நீக்கினார்கள்.

இதில் மூன்று படிகளைக் காணலாம். முன்கூட்டியே அறிவிப்பது, மாற்று எது என்று பெயர் சொல்லிக் காட்டுவது, மாறுவதற்குக் காலம் தருவது. பழையதை என்றைக்கும் வைத்திருக்கவும் முடியாது. ஒரே வேலைக்கு இரண்டு வழி இருந்தால் இரண்டையும் பராமரிக்க வேண்டும். புதிதாக வருபவர் எதைக் கற்பது என்று குழம்புவார்.

இது நம் வகுப்பறைக்கு எப்படிப் பொருந்தும்? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, மாமல்லபுரத்துக்கு இருபுறமும் உள்ள மீனவக் குப்பங்களிலிருந்து வரும் பல பிள்ளைகளுக்குப் பள்ளி ஆய்வகத்தில் மட்டுமே கணினி கிடைக்கிறது. வாரத்தில் சில மணி நேரம்தான். அண்ணனோ அக்காவோ எழுதிய பழைய குறிப்பேட்டிலிருந்து ஒரு நிரலை அப்படியே தட்டச்சு செய்கிறான் ஒரு மாணவன். முதல் வரியிலேயே பிழை வருகிறது. குறிப்பேடு பழையது என்று அவனுக்குத் தெரியாது. 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறான். அண்ணன் எழுதியது அன்றைக்குச் சரி; இன்றைக்கு அந்தக் கோப்பு இல்லை. இவ்வளவுதான் விஷயம். அதை அவனிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, ஆய்வகத்தில் உள்ள பழைய குறிப்புகளைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தப் பதிப்புக்கு எழுதியது, இப்போது மாற்று என்ன என்று முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். திரையில் வரும் எச்சரிக்கையை மூடிவிடாமல், மாணவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கைக்கும் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள். பாடநூலும் பாடத்திட்டமும் மாறும்போது மற்றப் பாட ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். 'இது இனி இல்லை' என்று சொல்லும் அதே மூச்சில், 'இதற்குப் பதில் இது' என்றும் சொல்லிவிடுவோம்.